கை எட்டும் தூரம்

"இன்னும் பெரிய டிரைவர் வேணும் டீச்சர்" என்றார் தணிகாசலம். "இது பத்தலை. ஒரு ஆள் செத்துட்டார்."

நிலோஃபர் பற்றவைத்துக்கொண்டிருந்த சர்க்யூட்டைத் தள்ளி வைத்தார்.

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை.

தணிகாசலம் ஓசூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். வண்டிகளுக்குத் தூரம் அளக்கும் கருவி செய்வது தொழில். வண்டி பின்னால் போகும்போது கருவி லேசர் ஒளியை வெட்டி வெட்டி அனுப்பும். ஒளி எதன்மீதாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, தூரத்தைத் திரையில் காட்டும். யாராவது கிட்டத்தில் இருந்தால் வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் கத்தும். அந்த லேசருக்கு மின்சாரத்தை அளவாகத் தள்ளிவிடுகிற சில்லுக்குத்தான் தொழிலில் டிரைவர் என்று பெயர்.

நிலோஃபர் அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டுத் தேன்கனிக்கோட்டை சாலையில் தன் வீட்டின் பின்னறையில் அளவுக் கருவிகளோடு உட்கார்ந்திருந்தார். சந்தேகத்தோடு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சில பேரைப் பேசாமல் திருப்பியும் அனுப்புவார்.

ஒளியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று தணிகாசலம் எல்லோரிடமும் சொல்வார். கருவியின் டிரைவரை மாற்றும்போது மட்டும் அவர் டீச்சரிடம் கேட்கவில்லை.

நடந்தது இதுதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கருங்கல் குவாரி. அங்கே ஓடும் டிப்பர் லாரிகளுக்குத் தணிகாசலம் முதலில் கொண்டுபோன கருவி பத்தடி, பதினைந்தடிதான் பார்த்தது. குவாரி மேனேஜர் சிரித்துவிட்டார். இதற்கு எங்கள் டிப்பரின் கண்ணாடியே போதுமே என்றார்.

தணிகாசலத்துக்கு அந்தச் சிரிப்பு உறைத்தது. பட்டறைக்கு வந்து, கிடைத்ததிலேயே அதிகக் கரண்ட் தள்ளும் டிரைவரைத் தேடிப் போட்டார். அடுத்த முறை கருவி, பள்ளத்துக்கு அந்தப்பக்கம் நிற்கும் பாறையைக்கூடக் காட்டியது. கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தக் குவாரியின் எல்லா டிப்பரிலும் அது ஏறியது.

குவாரியில் மாதையன் என்று ஒருவர். வண்டி பின்னால் வரும்போது விசில் ஊதி வழிகாட்டுவதும், நின்ற வண்டி நகராதபடி டயருக்குக் கல் வைப்பதும் அவர் வேலை.

போன வாரம் ஒரு மத்தியானம் டிப்பர் பின்னால் வந்தது. கருவி கத்தவில்லை.

வண்டி ஓட்டிய ஜெயசீலனைப் போலீஸ் கொண்டுபோனது. விசாரிக்க வந்த அதிகாரி முன்னால் கருவியைப் போட்டுக் காட்டினார்கள். பாறை தெரிந்தது. கருவியில் பழுதில்லை, ஓட்டியவனின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று.

"புழுதிதான் டீச்சர் காரணம்" என்றார் தணிகாசலம். "ஒளியைப் புழுதி முழுங்கிடுச்சு. கரண்டை இன்னும் கூட்டினா அதைக் கிழிச்சுக்கிட்டுப் போயிடும். எந்த டிரைவர் போடலாம்னு சொல்லுங்க."

"உள்ளே இருக்கிற டிரைவரை என்ன செய்யப்போறீங்க?"

"அதைத்தான் கழட்டிப் போடலாம்ங்கறேன்."

"நான் ஜெயில்ல இருக்கிறவரைக் கேட்டேன்."

தணிகாசலம் உட்கார்ந்தார்.

நிலோஃபர் கேட்டார். "மாதையன் எவ்வளவு தூரத்தில இருந்தார்?"

"வண்டிக்குப் பின்னாடி."

"பின்னாடின்னா, எவ்வளவு தூரம்?"

அவருக்குத் தெரியவில்லை. அதுவரை அவர் அதை யாரிடமும் கேட்டிருக்கவுமில்லை.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார் நிலோஃபர். பாதியில் விட்ட சர்க்யூட்டை மறுபடியும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

*

ஜெயசீலனைப் பார்க்க மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கம்பி வலைக்கு அந்தப்பக்கம் வந்து நின்றவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஷேவ் செய்யாத முகம். கருவி செய்தவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கும்பிட்டார். அந்தக் கும்பிடு தணிகாசலத்துக்கு என்னவோ போலிருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டார்.

ஜெயசீலன் மெதுவாகச் சொன்னார். கருவி வருவதற்கு முன்னால் அவர் கண்ணாடியைப் பார்த்து, மாதையனின் விசிலைக் கேட்டு, சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துத்தான் வண்டியைப் பின்னால் எடுப்பாராம். கருவி வந்தபிறகு, இதெல்லாம் எதற்கு, திரையைப் பார்த்து ஓட்டு, லோடு நடை குறையாது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். விசில் நின்றுபோனது. மாதையனுக்குக் கல் வைக்கும் வேலை மட்டும் மிச்சம்.

"அன்னிக்குக் கல்லு சரியா உட்காரலைன்னு வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அப்புறம் அவரைக் காணோம். போயிட்டார்னு நினைச்சேன். திரையைப் பார்த்தேன் சார். பாறை மட்டும்தான் தெரிஞ்சது."

"அவர் எங்கே இருந்தார்?"

ஜெயசீலன் வலைக்குள்ளேயே கையை நீட்டினார். விரல் கம்பியில் பட்டு நின்றது.

"இவ்வளவு தூரம்தான் சார். டயர்கிட்ட குனிஞ்சிருந்தார்."

தணிகாசலம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததென்று காவலர் வந்து சொன்னார்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. விசாரித்துக்கொண்டு மாதையனின் வீட்டுக்குப் போனார். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மாதையனின் மனைவி பச்சையம்மா மட்டும் வாசலில் புளி உரித்துக்கொண்டிருந்தார். யார், என்ன என்று கேட்காமலே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

தான் இன்னார் என்று தணிகாசலம் சொன்னார்.

பச்சையம்மா புளியை உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்கதானா அது" என்றார். "அவரு தெனமும் பயந்துக்கிட்டேதான் வேலைக்குப் போவாரு. மிஷினு வந்த அன்னைக்கு வந்து, இனிமே பயமில்லைன்னாரு. அன்னைக்கு நல்லாச் சாப்பிட்டாரு."

தணிகாசலத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.

*

மறுநாள் காலையில் அதே குவாரி வண்டியிலிருந்து கழற்றிய ஒரு கருவியோடு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"கை எட்டற தூரம்" என்றார்.

நிலோஃபர் கருவியை வாங்கி மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தார். எதிர்ச் சுவரின் தூரம் திரையில் வந்தது. சரியாக இருந்தது.

பிறகு, கருவிக்கு முன்னால் தன் கையை வைத்தார்.

திரையில் ஒரு மாற்றமும் இல்லை. சுவர்தான் தெரிந்தது.

கையை அசைத்தார். விரல்களை மடக்கி விரித்தார். அப்போதும் விரல்களுக்கு இடையே கசிந்த வெளிச்சத்தில் சுவர்தான் தெரிந்தது.

"நீங்க வைங்க" என்றார்.

தணிகாசலம் தன் கையை வைத்தார். தன் கை இல்லாத அந்தத் திரையை அவரால் நம்ப முடியவில்லை. கையை எடுத்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார். பள்ளத்தின் அந்தப்பக்கத்துப் பாறையை எத்தனையோ முறை அளந்து பார்த்தவர், கருவிக்கு முன்னால் ஒருமுறைகூடத் தன் கையை வைத்துப் பார்த்ததில்லை.

"ஏன் டீச்சர்?"

நிலோஃபர் கருவியின் முன்கண்ணாடியை விரலால் துடைத்துக் காட்டினார். விரலில் வெள்ளையாகக் கல்மாவு ஒட்டியிருந்தது.

"புழுதி ஒளியை முழுங்கலை. திருப்பி அனுப்புச்சு. நீங்க அனுப்பின அத்தனை பெரிய வெளிச்சம் வாசல்லயே பட்டு, உள்ளே திரும்பி வர்ற ஒளியைப் பார்க்கிற கண்ணிலேயே திரும்ப விழுந்துச்சு. கண்ணு கூசிப்போச்சு. அது தெளியறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவர்மேல பட்ட வெளிச்சம் வந்துட்டுப் போயிடுச்சு. தெளிஞ்சப்புறம் தெரிஞ்சது பாறை."



"கரண்டைக் கூட்டினா?"

"இன்னும் ரொம்ப நேரம் கூசும்."



"அப்படின்னா எந்த டிரைவர் டீச்சர் போடறது?"

நிலோஃபர் கருவியை அணைத்தார். "மணி என்ன?" என்று கேட்டார்.

"பதினொண்ணு ஆகப்போகுது."

"குவாரியில இந்நேரம் வண்டி ஓடுமா?"

தணிகாசலம் எழுந்தார். செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

*

குவாரியில் ஓடும் டிப்பர்களுக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, பின்னால் ஏறி, கருவியின் ஒயரை வெட்டினார். மேனேஜர் வந்து சட்டையைப் பிடித்தார். பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்டார். சட்டை கிழிந்தது. தணிகாசலம் எதிர்த்துப் பேசவில்லை. கிழிந்த சட்டையோடு அடுத்த வண்டிக்குப் போனார்.

கடைசி வண்டியில் வெட்டிய கருவியை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரிக்கு வேலை இருந்தது. அந்த விஷயம் முடிந்துவிட்டதே என்றார். கருவியை நாங்கள்தான் சோதித்துவிட்டோமே என்றார்.

"கையை வச்சுப் பாருங்க சார்" என்றார் தணிகாசலம்.

அதிகாரி கையை வைத்தார். திரையைப் பார்த்தார். கருவி செய்தவரின் முகத்தைப் பார்த்தார்.

"இதைச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

தெரிந்ததுபோலவே எல்லாம் நடந்தது. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். தணிகாசலத்தின்மேல் வழக்குப் பதிவாயிற்று. ஓசூரில் அவரைத் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறினார்கள். அவர் மனைவி மட்டும், செய்ததைச் சொல்லிவிட்டீர்கள், இனி சாப்பிடுங்கள் என்றார். அவர் சாப்பிட்டார். 

ஜெயசீலன் ஜாமீனில் வெளியே வந்தார். வழக்கு அவர்மேல் இன்னும் இருந்தது. ஆனால் அவர் தனியாக இல்லை. குற்றப்பத்திரிகையில் அவர் பெயருக்கு மேலே தணிகாசலத்தின் பெயர் இருந்தது.

*

மழைக்காலம் வந்து போனபின் தணிகாசலம் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

இனி இந்தத் தொழிலைத் தொடப்போவதில்லை, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார்.

நிலோஃபர் டீ போட்டுக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும், அந்தக் குவாரியில் இப்போது வண்டி எப்படிப் பின்னால் எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

மாதையனின் வேலைக்கு வேறு ஒருவர் வந்திருக்கிறார் என்றார் தணிகாசலம். விசில் ஊதுகிறாராம். கல்லுடைக்கும் சத்தத்தில் பாதி நேரம் அது கேட்பதில்லையாம்.

நிலோஃபர் எழுந்து பின்னறைக்குப் போனார். தணிகாசலம் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

முதலில் தன் பழைய பெரிய டிரைவரையே எடுத்து, கரண்டைக் குறைத்து வைத்துப் பார்த்தார். மின் துடிப்பை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் திரையில் அதன் வடிவம் கோணல்மாணலாக வந்தது. கிளம்பவே தயங்கியது. அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் வால்போல் நீண்டது.

"குறைச்சாலும் சரியா வரலையே டீச்சர்."

"அள்ளிக் கொட்டறதுக்குன்னு செஞ்சது அது. கிள்ளிக் கொடுக்கத் தெரியாது."

நிலோஃபர் மேசையில் வேறு சில டிரைவர்களைப் பரப்பினார். எல்லாம் குறைந்த கரண்ட் தருபவை. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு. தணிகாசலம் ஒவ்வொன்றின் விவரத்தாளையும் எடுத்து, அது அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் தரும் என்ற இடத்தை விரலால் தேடினார். பழக்கம்.

நிலோஃபர் அந்த விரலைப் பிடித்துத் தாளின் வேறொரு மூலைக்கு நகர்த்தினார்.

"எவ்வளவு கொடுக்கும்னு அப்புறம் பாருங்க. எவ்வளவு சீக்கிரம் நிறுத்தும்னு முதல்ல பாருங்க."

அந்த வாரம் முழுக்க இருவரும் அதையே பார்த்தார்கள். ஒரு டிரைவர் சட்டென்று நின்றது, ஆனால் சூடு ஏறினால் அளவு மாறியது. ஒன்று நாள் முழுக்க ஒரே மாதிரி இருந்தது, ஆனால் துடிப்பு நீளம். ஒன்று எல்லாவற்றிலும் தேறியது. அதை லேசருக்கு ஒட்டினாற்போலப் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்தார்கள். நடுவில் கம்பி நீண்டால் துடிப்பு இழுபடும்.

முன்கண்ணாடியில் குவாரிக் கல்மாவைத் தணிகாசலமே தேய்த்தார். பிறகு கையை வைத்தார்.

கருவி கத்தியது.

கையை எடுத்தார். எதிர்ச் சுவர் தெரிந்தது. அறைக் கதவைத் திறந்து கருவியை அந்தப்பக்கம் திருப்பினார். கதவுக்கு அப்பால், பின்தெரு முனையில் இருந்த மின்கம்பம் திரையில் தெரியவில்லை.

"இதை எவனும் வாங்கமாட்டான் டீச்சர்" என்றார்.

"மாட்டாங்க" என்றார் நிலோஃபர்.

*

ஜெயசீலன் ஜாமீனில் வந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தணிகாசலம் போய்க் கேட்டபோது முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். இரண்டாம் முறை போனபோது நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வருகிறேன் என்றார்.

வேலை நின்றுபோன ஒரு பழைய குவாரியில், தெரிந்தவர் ஒருவரின் டிப்பரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காலை வெயில். மழைநீர் தேங்கிப் பச்சையாகக் கிடந்த பள்ளம். யாரும் இல்லை.

தணிகாசலம் கருவியை மாட்டினார். அதன் முன்கண்ணாடியில் அள்ளி அள்ளிக் கல்மாவைப் போட்டார். ஜெயசீலனை ரிவர்ஸ் கியர் போட்டு வைக்கச் சொல்லி, ஒருமுறை, இரண்டுமுறை கையை வைத்துப் பார்த்தார். கத்தியது. தட்டை வைத்தார். துணியை வைத்தார். கத்தியது. கடைசியில் கைகளில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே டீச்சரிடம் வந்தார்.

"இந்தக் கரண்ட் போதுமா டீச்சர்?"

நிலோஃபர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து போனார். டிப்பரின் பின்டயருக்குப் பின்னால், வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்தார்.

ஜெயசீலன் மேலே ஸ்டியரிங்கில் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "சார், எடுக்கட்டுமா?" என்று ஜன்னல் வழியே கேட்டார்.

தணிகாசலம் கையைத் தூக்கினால் போதும். வண்டி பின்னால் வரும்.

கை மேலே போகவில்லை.

 இத்தனை நாள் பார்த்த துடிப்புகள், வடிவங்கள், எண்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. குனிந்திருந்த அந்த முதுகுதான் தெரிந்தது.

அவர் போய் டீச்சருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"எழுந்திருங்க டீச்சர்."

"போதுமான்னு கேட்டீங்களே."

"எழுந்திருங்க. நான் உட்கார்றேன்."

நிலோஃபர் எழுந்து இடம் விட்டார். விலகிப் போய், ஜெயசீலனுக்குத் தெரிகிற இடத்தில் நின்றார்.

தணிகாசலம் குனிந்தார். அங்கிருந்து வானம் தெரியவில்லை. கல்லும், டயரின் நிழலும், தன் இரண்டு கைகளும்தான் தெரிந்தன. மண் அதிர்ந்தது. இந்த அதிர்வு நாளெல்லாம் இருக்கும், வண்டி நிற்கும்போதும் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. இதை வைத்து ஒருவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

நிலோஃபர் கையைத் தூக்கினார்.

நிழல் நகர்ந்தது.

உடனே தலைக்கு மேலே கருவி அலறியது. காது அடைத்தது. பிரேக் பிடிக்கும் சத்தம் அதற்குள்ளேயே கேட்டது. டிப்பர் ஒரு குலுக்கலோடு நின்றது.

தணிகாசலம் எழுந்திருக்கவில்லை. 

ஜெயசீலன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அவரை உயிரோடு பார்த்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கருவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நிலோஃபர் வந்து அதை அணைத்தார்.

பள்ளம் அமைதியானது.

ஜெயசீலன் அணைந்த கருவியை நிமிர்ந்து பார்த்தார். 

"இந்தச் சத்தம் மாதையண்ணனுக்குக் கேட்டிருக்கும் இல்ல சார்?"

தணிகாசலம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கும்" என்றார் தணிகாசலம்.